காணோம் வேறு, இல்லை வேறு

சாரல் சமயத்தில் எங்கள் தென்காசி அலுவலகத்துக்கு ஒரு வாரம் வந்திருந்தார், சர்வர்களில் தகவல் சேமிப்பைக் கவனிக்கும் ஸ்டோரேஜ் இன்ஜினியர் ஒருவர். தினமும் குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்து, ஈரத்துண்டை நாற்காலி முதுகில் காயப்போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

ஒருநாள், ஆஸ்பத்திரி ஒன்றின் ஸ்கேன் படங்களைக் காணோம் என்று அலர்ட் வந்தது. எந்தப் படம் எந்த சர்வரில் என்று காட்டும் பட்டியல் ஒன்று உண்டு; இல்லாததற்கு அதில் என்ன இடம் என்று அந்தப் பதிவுகளை அழிக்கப் போனேன்.

“கைய எடும்மா! காணோம்னுதான சொல்லுது, இல்லன்னு சொல்லலைல்லா?” என்றார்.

ஒவ்வொரு சர்வராகத் தேடினோம். படங்கள் வேறொரு சர்வருக்கு மாறி, பத்திரமாக இருந்தன. பட்டியல்தான் பழசு. பட்டியலில் இல்லாத படங்களை சிஸ்டம் தானாகவே நீக்கிவிடும்; பதிவுகளை அழித்திருந்தால் அவையும் போயிருக்கும்.

ஊருக்குப் போகும்போது துண்டை மறந்துவிட்டார். துவைத்து வைத்துக்கொண்டு போன் செய்தேன்.

“துண்டு எங்கிட்ட இருக்கு சார். அனுப்பட்டுமா?”

“இருக்குல்லா, அது போதும்.”

அன்று அவர் தடுத்ததால், இன்றும் என் வேலை இருக்கிறது. மேஜைக்குள் அந்தத் துண்டும் இருக்கிறது.