இடக்கைக்கு ஒரு மடக்குக்கத்தி

நாலு பேர் கூடிய இடத்தில் உட்கார்ந்தால் ஜெசிந்தினி இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். கல்யாண வீட்டிலும் அப்படித்தான், பதுளை பஸ்ஸிலும் அப்படித்தான். பூசையில் நற்கருணைக்கு எல்லோரும் கையை நீட்ட, அவள் மட்டும் நாக்கை நீட்டுவாள். எந்தக் கை மேலே வரவேண்டும் என்று ஒரு நொடி தடுமாறினாலும் பின்னால் நிற்பவர்கள் பார்த்துவிடுவார்கள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு இடக்கைப் பழக்கம். அம்மா சூடு வைத்துப் பார்த்தும் அது மாறவில்லை.

தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவள் கொழுந்தெடுப்பவள். கொழுந்துக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் எது முந்துகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வினை நர்சரியில்தான் வந்தது. தேயிலைக் கிளையை இலைக்கு ஒரு துண்டாக வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் ஊன்றிக் கன்றாக்குகிற இடம் அது. மூன்று வருஷத்துக்கு முன் அவளையும் இன்னும் நாலு பெண்களையும் அங்கே போட்டார்கள். நர்சரிக் கங்காணி கந்தப்பன் ஆளுக்கொரு கத்தி கொடுத்தான். வாய்க்கு அவள் அவனை ‘ஐயா’ என்பாள். மனசுக்குள் அவன் அவன்தான்.

இரண்டு மாதத்தில் அவள் ஊன்றிய பாத்தியில் பாதி கறுத்துப்போனது. காலையில் எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில், இருநூறு பேருக்கு முன்னால் கந்தப்பன் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினான்.

“பீச்சாங்கையால வெட்டுனா கன்னு எப்படிம்மா பிடிக்கும்? ராசியில்லாத கை. இந்தக் கை பட்டா பச்ச மரமும் பட்டுப்போவும். நீ கொழுந்துக்கே போ.”

“அதான் அவ வீட்டுக் கோழி பக்கத்து லயத்துல போயி முட்டை வைக்குது” என்றான் பின்னாலிருந்து ஒருவன். களமே சிரித்தது.

சிரிப்பு அன்றைக்கே அடங்கிவிட்டது. சொல் அடங்கவில்லை. வருஷா வருஷம் தன் காய்கறித் தோட்டத்தில் முதல் போஞ்சி விதையை ஜெசிந்தினி கையால் போடச் சொல்கிற லயத்து வரிசையில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் ரெங்கம்மா, அந்த வருஷம் விதைக் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “நீங்க இருங்கக்கா, நானே போட்டுக்கிறேன்.” கோயில் வளவில் மரக்கன்று நட்டபோது ஆளுக்கொரு கன்று கொடுத்தவர்கள் இவளிடம் தண்ணீர் வாளியைக் கொடுத்தார்கள்.

ஜெசிந்தினி வீட்டுக்கு வந்து அழவில்லை. அவன் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க வேண்டும். அதே களத்தில், அதே ஆட்களுக்கு முன்னால், அதே வாயால். அதற்கு எத்தனை வருஷம் ஆனாலும் சரி என்று முடிவெடுத்துக்கொண்டாள்.

அவள் அதிகம் பேசாதவள், ஆனால் கண் ஓயாதவள். கொழுந்து மலைக்குப் போகும் வழியில் நர்சரிக் குப்பையில் கிடந்த வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கி மடியில் கட்டி வருவாள். மற்றப் பெண்கள் வெட்டியவை மெழுகு போல வழவழவென்று இருந்தன. தான் வெட்டியது எப்படி இருந்தது என்பது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது: ஒரு பக்கம் நசுங்கி, தோல் பிய்ந்து. அந்தக் கத்தி ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டியது, மறுபக்கம் தட்டை. வலக்கையில் பிடித்தால் தட்டைப் பக்கம் துண்டை நெரிக்காமல் போகும். இடக்கையில் பிடித்தால் சாய்வுப் பக்கம் துண்டை நெரித்துக்கொண்டு போகும். நெரிந்த இடத்தில் வேர் வராது, அழுகல்தான் வரும். கையில் ஒரு குற்றமும் இல்லை. இது புரிந்த அன்று அவளுக்கு நிம்மதி வரவில்லை, கோபம் இரண்டு மடங்கானது.

பதுளையில் நடைபாதையில் சாமான் விற்கும் ஸரூக்கிடம் ஒரு மடக்குக்கத்தி கேட்டாள்.

“பழம் வெட்டவா தங்கச்சி?”

“ஆமாங்க. நகம் வச்சுத் தொறக்கிற பள்ளம் மத்தப் பக்கம் இருக்கிறது இருக்குங்களா?”

“எல்லாருக்கும் ஒரே பக்கந்தானே வாற. மத்தப் பக்கத்துக்கு நான் எங்க போற?”

வாங்கி வந்தாள். புருஷன் அந்தோனிமுத்துவின் போனில், கத்தியை மாற்றிச் செய்யும் வீடியோ ஒன்றைச் சத்தமில்லாமல் நாலு தரம் பார்த்தாள். அதில் ஒருவன் மேசை நிறையக் கருவி பரப்பி வைத்திருந்தான். இவளிடம் இருந்தது ஓர் அரம், அம்மிக்கல், புருஷனின் பழைய பெல்ட். அவள் அரத்தோடு உட்கார்ந்ததைப் பார்த்து அந்தோனிமுத்து கேட்டான்:

“கந்தப்பனக் குத்தப் போறியா?”

“குத்துனா ஒரு நாளோட முடிஞ்சிருமே.”



முதல் கத்தியைக் கெடுத்தாள். இரண்டு மாதம் பிடித்த நர்சரிக் கத்தியின் வடிவமே கண்ணில் நின்றது; அதை இடக்கைக்கு மாற்ற மறந்து, ஐந்து நாள் பின்னேரம் உட்கார்ந்து அரத்தால் ராவினாள். வெட்டிப் பார்த்தால் துண்டு நசுங்கியது. தட்டையாக்க வேண்டிய பக்கத்தைச் சாய்வாக்கியிருந்தாள். மறுபடி ஸரூக்கிடம் போனாள். “அவ்வளவு பழமா?” என்றான் அவன்.

இரண்டாவதை அவசரப்படாமல் செய்தாள். அலகின் வலப்பக்கத்தை அம்மியில் தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்துத் தட்டையாக்கினாள். இடப்பக்கம் மட்டும் சாய்வு. விரல் சுடுகிற அளவுக்குத் தேய்த்தால் இரும்பு இளகிவிடும் என்பதால் நடு நடுவே நனைத்தாள். ஆணி தளர்ந்து அலகு ஆடியது. கல்லில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள், கத்தி திறக்கவே மறுத்தது. மண்ணெண்ணெய் விட்டு அரை நாள் திறந்து மூடினாள். ஈரக் கையில் வழுக்கும் பிளாஸ்டிக் பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பிடுங்கிப் போட்ட தேயிலைக் கட்டையில் இரண்டு சில்லு அறுத்து, சேண்ட் பேப்பரில் தேய்த்து, தன் உள்ளங்கைக்கு அளவெடுத்து ஒட்டினாள். பசை உள்ளே ஒழுகி அலகும் பிடியும் ஒன்றாகிவிட்டன.

“இப்ப அவன் பொழச்சான்” என்றான் அந்தோனிமுத்து.

சீவி எடுத்து மறுபடி ஒட்டினாள். அலகின் முதுகில் அரத்தால் சின்னப் பள்ளம் போட்டாள், இடது பெருவிரல் பட்டதும் திறந்தது. கடைசியில் பெல்ட்டில் நூறு இழுப்பு.

லயத்துக்குப் பின்னால் யாரும் கொழுந்தெடுக்காமல் ஓங்க விட்ட தேயிலைச் செடி நாலு நின்றன. அதிலிருந்து கிளை எடுத்து இருநூறு துண்டு வெட்டினாள். ஒவ்வொன்றையும் இடக்கையால்தான் வெட்டினாள், இடக்கையால்தான் ஊன்றினாள். பைக்குள் குச்சியைச் செருகும்போதெல்லாம் மனசுக்குள் அவன் பெயரைச் சொன்னாள். ஜெபம் சொல்வதைவிட ஒழுங்காகச் சொன்னாள். பத்து மாதத்தில் நூற்றெண்பத்தாறு கன்று முழங்கால் உயரத்துக்கு நின்றது.

அந்த வருஷம் கந்தப்பனின் நர்சரியில் மழை புகுந்து பாத்திகள் அழுகின. அப்போது அங்கே ஜெசிந்தினி கை எதுவும் படவில்லை. மலையில் பட்டுப்போன செடிகளுக்குப் பதில் நட, கன்று இல்லை. லயத்துச் சாக்கடைக் கானைப் பார்க்க வந்த தோட்டத்து மேனேஜர் துரையின் கண்ணில் இவள் பாத்தி பட்டது. கூட வந்த கந்தப்பனைத் திரும்பிப் பார்த்து, “கன்னு எங்கயும் இல்லேன்னீங்க” என்றார். “இதக் கேட்டு எடுங்க.”

பின்னேரம் கந்தப்பன் வாசலில் வந்து நின்றான். அவள் உட்காரச் சொல்லவில்லை.

“தொர சொல்லிட்டாரும்மா. நாளைக்கு ஆள் அனுப்புறேன்.”

“ராசியில்லாத கையால வெட்டுனதுங்க ஐயா. மலையே பட்டுப்போயிரும்.”

“பழசெல்லாம் எதுக்கு?”

“பெரட்டுக் களத்துல சொன்னீங்க. அங்கயே வந்து, கை மேல தப்பில்ல, நான் குடுத்த கத்தி மேலதான் தப்புன்னு சொல்லுங்க. இல்லேன்னா இதே கத்தியால ஒவ்வொண்ணா அறுத்துப் போட்டுட்டு, தொரகிட்ட நானே போயிச் சொல்லிக்கிறேன்.”

அவன் அவள் கையிலிருந்த கத்தியைப் பார்த்தான். படியிறங்கிப் போனான்.

மறுநாள் பெரட்டில் தரையைப் பார்த்தபடி சொன்னான். ஜெசிந்தினிக்குக் கூட்டத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. இருந்தாலும் சொன்னாள்: “பின்னால கேக்கலியாம் ஐயா.”

இரண்டாம் தரம் சத்தமாகச் சொன்னான். இந்தத் தரம் சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது.

கன்றெடுக்க வந்த ஆட்களை அவள் பாத்திக்குள் விடவில்லை. “ஐயா வாங்கட்டும்” என்றாள். நூற்றெண்பத்தாறு கன்றையும் ஒவ்வொன்றாக இடது கையால் நீட்டினாள். இடது கையால் கொடுப்பதை வாங்குவது எவ்வளவு கேவலம் என்று அவனுக்கும் தெரியும், சுற்றி நின்றவர்களுக்கும் தெரியும். அவன் குனிந்து குனிந்து வாங்கினான். நடுவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவள் கன்றை நீட்டியபடியே காத்திருந்தாள். இவ்வளவு இனிப்பாக எதையும் அவள் தின்றதில்லை.

கன்றுகள் இப்போது ஏழாம் நம்பர் மலையில் நிற்கின்றன. ஆறு பட்டுப்போயின, மற்றவை தழைத்துவிட்டன. கந்தப்பன்தான் இன்னும் நர்சரிக் கங்காணி. துரை ஜெசிந்தினியை நர்சரிக்குத் திரும்பக் கூப்பிட்டார். அவன் கீழே வேலை செய்ய முடியாது என்று அவள் போகவில்லை, கொழுந்துதான் எடுக்கிறாள். இரண்டு பேரும் பேசுவதில்லை. அவள் அவனை மன்னிக்கவும் இல்லை.