ஷாஜாதி சுவரை உரசிய கதை

மதுராந்தகத்தில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கியாசுதீன் கடை ஸ்டியரிங் பெட்டியைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். நெல் மண்டிக்குப் பின்னால் இருந்த வீடியோ கேம் கடை அது. சென்னையிலிருந்து லாரியில் மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து வந்து இறங்கிய கார் ரேஸ் பெட்டி. சுவிட்சைப் போட்டால் தெரு பல்பெல்லாம் அழுது வடியும். பக்கத்து சலூனில் மெஷின் நின்றுபோய், ஒருவர் பாதி மீசையோடு கல்யாணத்துக்கே போனாராம்.

மத்தியானம் மண்டி தூங்கும் நேரத்தில் கியாசுதீன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிட உட்காருவான். அந்த இடைவெளியில் குனிந்து நுழைவாள் தங்கை ஷாஜாதி. அவளுக்குப் பதின்மூன்று வயது, கார் ரேஸ் பைத்தியம். வளைவில் பிரேக் போடுகிறவன் முட்டாள் என்பதை அவளாகவே கண்டுபிடித்திருந்தாள். திரையில் சுவரை உரசிக்கொண்டே போனால் போதும், பொறி பறக்கும், கார் தானாகத் திரும்பிக்கொள்ளும். அண்ணன் வாயில் வைத்த சோற்றை மறந்து பார்ப்பான்.

செல்போன் வந்தது, கடை போனது. ஷாஜாதி வளர்ந்து பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். பத்து வருஷத்தில் அதன் மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. போன மாதம் பொத்தேரியில் ஒரு கல்லூரி, விடுதிப் பெண்களின் பஸ்ஸுக்குப் பெண் டிரைவர் தேடியது. "ஹெவி லைசென்ஸோட வந்தா பஸ் உங்களுதுதான்" என்றார்கள். அவ்வளவு பெரிய ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும் என்பது அவளுக்கு நெடுநாள் ஆசை.

செங்கல்பட்டுப் பயிற்சி நிலையத்தில் நிஜ பஸ்ஸைத் தொடுவதற்கு முன் ஒரு மெஷினில் ஓட்டிக் காட்ட வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் அடுத்த பேட்ச். அதற்குள் பஸ் வேறு யாருக்காவது போய்விடும்.

அறைக்குள் நுழைந்ததும் அவளுக்குப் புல்லரித்தது. பெரிய திரை, சீட்டு, ஸ்டியரிங். அண்ணன் கடையில் அடித்த சூடான பிளாஸ்டிக்கின் அதே வாசனை. முதல் வளைவு வந்தது. கை தன் பாட்டுக்குச் சுவரை உரசியது. திரை சிவந்தது.

"இன்னாக்கா, சுவத்துக்கு வெள்ளையடிக்கிறியா?" என்றார் பயிற்சியாளர் ஹரிஹரன்.

இரண்டாம் முறையும் அதே கூத்து. ரோட்டில் ஒழுங்காக இருக்கிற கைகளுக்குத் திரையைக் கண்டதும் பதின்மூன்று வயதாகிவிடுகிறது.

சாயங்காலம் அண்ணனிடம் சொன்னாள். கியாசுதீன் வயிறு குலுங்கச் சிரித்தான். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"அந்த பஸ்ல யாரு குந்திகினு கீறாங்க?"

"யாரும் இல்ல. காலி பஸ்."

"அப்ப உரசத்தான் செய்வ. நாளைக்கு நான் வரேன்."

மறுநாள் மெஷினுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இடது பக்கமாக உட்கார்ந்துவிட்டான்.

"சார், நீங்க யாரு?" என்றார் ஹரிஹரன்.

"பாசஞ்சரு."

ஹரிஹரன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. கியாசுதீன் சும்மா வரவில்லை. "யம்மா டிரைவரு, இடுப்பு ஒடியுது, பாத்துப் போ. நாஸ்தாவுக்கு எங்கனா நிறுத்துவியா, மாட்டியா?" ஷாஜாதி பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். வளைவு வந்தது. இடது பக்கச் சுவர் 'வா, வா' என்று கூப்பிட்டது. கை லேசாகச் சாய்ந்தது.

"ஏ ஷாஜா! என் முழங்கை ஜன்னலுக்கு வெளிய கீதுடீ!"

அவள் கால் பிரேக்குக்குப் போயிருந்தது. பஸ் சுவரைத் தொடாமல், பெரிய மனுஷி மாதிரி திரும்பியது. அடுத்த வளைவிலும் அப்படியே. அதற்கடுத்ததில் அண்ணன் கத்தவே இல்லை, காலே பார்த்துக்கொண்டது. கடைசியில் திரை பச்சையானது.

ஹரிஹரன் நிஜ பஸ்ஸின் சாவியைக் கையில் எடுத்தார். "வாக்கா, வெளிய வண்டி நிக்குது."

திரும்பிப் பார்த்தால் கியாசுதீன் மெஷின் சீட்டில். தொந்தி ஸ்டியரிங்கில் இடிக்கிறது. வளைவுக்கு வளைவு சுவரை உரசுகிறான். திரை சிவப்பாகவே கிடக்கிறது. ஐம்பது வயது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

ஷாஜாதி பிளாஸ்டிக் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் இரு சார்" என்றாள். "எங்க அண்ணன் முடிக்கட்டும்."