கருவிக்கு ஒரு சோதனை

மேட்டூர் திறக்காமல் குறுவை கருகிய வருஷம், எங்கள் வாய்க்காலில் கடல்நீர் ஏறியது. கூட்டாளி ஒருவன் குடித்துப் பார்த்து, "நல்ல தண்ணிதான், பாய்ச்சுங்க" என்றான். வாய் நிறைய வெற்றிலை, புகையிலை. நாற்றங்காலும் போயிற்று.

இன்று மருமகளுக்கு, தண்ணீரின் அமிலத்தன்மையை அளக்கும் புது பி.எச். கருவி வந்தது. பழையதை நம்பித்தான் போன மாதம் அவள் வளர்த்த மீன்குஞ்செல்லாம் செத்தன.

கருவியின் கண்ணாடி முனையில் கீறல் தேடினாள். பிறகு ஒரு கிண்ணத்தில் நனைத்தாள்.

"தொட்டி இந்தப் பக்கம்மா."

"இது ஏழுன்னு தெரிஞ்ச தண்ணி மாமா. இதுல ஏழு காட்டட்டும், அப்புறம்தான் தொட்டி."

ஏழு காட்டியது. நாலு என்று தெரிந்த தண்ணீரில் நாலு.

அசந்துபோனேன். நான் சொல்லச் சொல்ல இதைப் போனில் தட்டுவதும் அவள்தான். இந்த வரிக்கு வெட்கப்படுகிறாள்.

அன்று அந்த வாயை யாரும் சோதிக்கவில்லை. கரையில் நின்றவர்களில் என்னைத் தவிர அந்தக் கூட்டாளிதான் மிச்சம். இப்போது பூம்புகாரில் இருக்கிறான்; அந்த ஊர்க்காரர்கள் யாராவது இதை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். பெயர் கோவிந்தராசு.