அடுத்த வருட வண்டியின் பின்விளக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் பின்விளக்கு செய்யும் கம்பெனி ஒன்றில் நான் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். எங்கள் விளக்கு பொருத்திய எஸ்யுவியைத்தான் நானும் வாங்குவதாக இருந்தேன். அப்போது அடுத்த வருட மாடலின் சாம்பிள் விளக்கு மேனேஜர் மேஜைக்கு வந்தது. வண்டியின் முழு அகலத்துக்கும் ஒரே சிவப்புக் கோடு. எரியவிட்டுப் பார்த்ததும் என் மனசு மாறிவிட்டது.

நான் காத்திருந்ததோடு நிற்கவில்லை. என் மனைவியின் தம்பியிடம், "அவசரப்படாத மச்சான், புதுசு வரட்டும், லைட்டு சூப்பரா கீது" என்றேன். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன்.

புது மாடல் வரும் செய்தி வெளியிலும் பரவி, எல்லோரும் இப்படிக் காத்திருந்ததில் பழைய மாடல் விற்பனை படுத்தது. எங்கள் ஷிஃப்டுகள் குறைந்தன. புது விளக்கின் ஆர்டரும் வேறு கம்பெனிக்குப் போனது. லைனை மூடி, எங்களை அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் சொன்னேன். "நல்ல வேள, வண்டி எடுக்கல. இப்ப டியூ கட்ட முடியாம பேஜாராயிருக்கும்" என்றாள் மனைவி. உண்மைதான், தப்பித்தோம். எனக்கு நிம்மதியும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்தேன்.

இப்போது ஒரு குடோனில் வேலை செய்கிறேன். போன வாரம் மச்சான் புது வண்டியில் வந்தான். "மாமா, நீ சொன்ன லைட்டு, பின்னாடி வந்து பாரு" என்றான். பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

இந்த வருடமா, அடுத்த வருடமா என்று யாராவது கேட்டால், "புடிச்சிருந்தா இப்பவே எடுங்க" என்கிறேன் இப்போது. இந்த வருட வண்டிக்கும் எங்கோ ஒரு லைன் ஓடிக்கொண்டிருக்கும்.