அத்தான் போகாத தேனீக்கள்

எங்கள் ஒன்டாரியோ பக்கத்தில், ஊர் கூடி ஒருவருக்குச் செய்து கொடுக்கும் வேலைக்கும் தேனீ என்றுதான் பெயர். கொட்டகை எழுப்பத் தேனீ, விறகு வெட்டத் தேனீ, போர்வை தைக்கத் தேனீ. பூச்சிக்கு இருக்கும் அதே சொல். "செவ்வாய்க்கிழமை ஹஃப் வீட்டில் தேனீ" என்றால் சுத்தியலோடு போய் நிற்க வேண்டும். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. நம் வீட்டில் வேலை வந்தால் அவர்கள் வருவார்கள்.

என் அக்கா வெர்னாவின் கணவர் ஓர்லோ மட்டும் எதற்கும் போனதில்லை. நல்ல மனிதர். குதிரையைக்கூட அதட்ட மாட்டார். ஆனால் தேனீ என்று காதில் விழுந்தால் மறுநாளே அவருடைய பசு நோயில் படுத்துவிடும். அக்காவும் அவர்களோடு வசித்த நானும் ஆப்பிள் கேக்கைத் தூக்கிக்கொண்டு போவோம்.

"உங்க பசு இன்னும் எழுந்திரிக்கலையா வெர்னா?" என்பாள் பக்கத்துப் பண்ணை லாட்டி ஹஃப். "பாவம், அடுத்தவன் வீட்டுல வேலைன்னா மட்டும் அதுக்குக் காய்ச்சல் வந்துடுது."

பெண்கள் சிரிப்பார்கள். அக்கா துடைத்த தட்டையே மறுபடியும் துடைப்பாள். அவள் கழுத்து சிவப்பதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ஜூலையில் இடி விழுந்து எங்கள் கொட்டகை எரிந்தது. புது வைக்கோல் முழுவதும் போயிற்று. பனிக்கு முன் கொட்டகை எழாவிட்டால் மாடுகளை விற்க வேண்டியதுதான்.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கூப்பிடறது?" என்றார் அத்தான். "நானே கட்டிக்கறேன்."

தனி ஆள் ஒரு உத்தரத்தைக்கூடத் தூக்க முடியாது என்று அவருக்கும் தெரியும். அக்காதான் அவரிடம் சொல்லாமல், கொட்டகைத் தேனீக்களை நடத்தும் தச்சர் கிளேட்டன் வீட்டுக்கு நடந்து போனாள். அங்கே என்ன சொன்னாள் என்று என்னிடமும் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஒரு காலை, வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். ஒருவர் விடாமல் எல்லாரும். அத்தான் ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"வேலை செய்யாத ஆண் தேனீக்கும் கூடு வேணுமில்ல," என்றாள் லாட்டி, உருளைக்கிழங்கு உரித்தபடி. அவள்தான் இரண்டு முழுப் பன்றித் தொடைகளை வேகவைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

சுவர்ச் சட்டங்கள் நிமிர்ந்ததும் கூரை ஏற்றும் மேல்வேலை எப்போதும் பந்தயம்தான். இரண்டு தலைவர்கள் மாற்றி மாற்றி ஆள் எடுப்பார்கள். முதலில் முடிக்கும் பக்கம் முதல் பந்தியில் உட்காரும். முதல் பெயராக வீட்டுக்காரரைக் கூப்பிடுவது மரியாதை.

"ஓர்லோ, என் பக்கம்," என்றார் கிளேட்டன்.

அத்தான் ஏணியில் ஏறினார். சில படிகள்தான். பிறகு நின்றுவிட்டார்.

"என்ன ஓர்லோ, மாடு கூப்பிடுதா?" என்று யாரோ மேலிருந்து கேட்க, கூட்டமே சிரித்தது. அவர் ஏணியைக் கட்டிக்கொண்டு நெற்றியை மரத்தில் வைத்தார்.

"என்னால முடியாது," என்றார். "உயரம்னா பயம். சின்ன வயசுலேர்ந்தே."

சிரிப்பு நின்றது. கிளேட்டன் பின்னால் ஏறி, குழந்தைக்குச் செய்வதுபோல் அவர் பாதங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் படியில் வைத்துக் கீழே இறக்கினார்.

"இதுக்காய்யா இத்தனை வருஷம் வராம இருந்தே? பாதி வேலை தரையிலதான் கிடக்கு. மர ஆணி சீவ ஆள் கிடைக்காம எங்கப்பாவையே உட்கார வைக்கிறேன். சொல்லியிருந்தா நல்ல கத்தியா ஒண்ணு கொடுத்திருப்பேனே!"

திட்டியிருந்தால்கூட அத்தான் நிமிர்ந்து நின்றிருப்பார். கிளேட்டன் திட்டவில்லை. அத்தான் ஒரு மரத்துண்டில் உட்கார்ந்து மாலை வரை ஆணி சீவினார். சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்தில் அவருக்காக விட்டிருந்த நாற்காலி கடைசிப் பந்தி வரை காலியாகவே இருந்தது. லாட்டி தட்டை எடுத்துப்போய் அவர் மடியில் வைத்தாள். அவள் குத்திப் பேசாததை அன்றுதான் பார்த்தேன்.

அக்கா கிணற்றடியில் நின்றாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்டி," என்றாள். "நான் சுமந்த கேக்கெல்லாம் எதுக்கு?"

விறகு வெட்ட ஏணி ஏற வேண்டியதில்லை. அதற்கும் அவர் போனதில்லை. கொட்டகைக்கு வராதவன் விறகுக்கு மட்டும் எப்படிப் போய் நிற்பான்?

அந்தக் குளிர்காலம் ஒரு விதவை வீட்டில் விறகுத் தேனீ. அத்தான் குதிரையைப் பூட்டிவிட்டு வெகுநேரம் பனியில் நின்றார். பிறகு போனார். நானும் சமையலுக்குப் போயிருந்தேன். யாரோ இரண்டாள் ரம்பத்தின் மறுபிடியை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டார். பொழுது சாயும்வரை இழுத்தார். எதிரில் இழுத்தவரை ஒருமுறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.