சேனை வைத்த கை

பஸ் ஸ்டாண்டு நண்பர்களே, கார்டு ஒன்றுதான். படித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள்.

இன்று காலை வாசலில் நின்று கைகளை மெல்லத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தேன். ரத்தக்கொதிப்புக்கு டாக்டர் சொன்ன பயிற்சி. பிறகு நிதானமாக நடக்க வேண்டும், யாரிடமும் குரலை உயர்த்தக் கூடாது. டைம்கீப்பராக நான் கத்திய கத்தல் உங்களுக்குத் தெரியும். ஆனால் போன வருஷம் சாணார்பட்டிக்குக் குடிவந்த என்னை, இந்தத் தெரு பரம சாது என்று நம்புகிறது.

அதனால்தான் முந்தாநாள் பக்கத்து வீட்டு அங்கம்மாள், அன்று பிறந்த பேரனுக்கு என்னைச் சேனை வைக்கச் சொன்னாள். முதல் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வருமாம்.

இன்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அய்யா, உங்க குணம் அப்படியே வந்திருச்சு. நேத்து அம்புட்டு அழுதான். இன்னைக்குச் சத்தமே இல்ல."

போய்ப் பார்த்தேன். உதடு காய்ந்திருந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன், அவன் காலை இழுக்கவில்லை.

"பிள்ளைக்கு அவன் ஆத்தா பால் குடுத்தாளா?"

"மூணு நாளைக்குச் சீம்பால் ஆகாதுல்லய்யா. சர்க்கரைத் தண்ணிதான்."

பிள்ளை பட்டினியில் கிடக்கிறான் என்று ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கத்தினேன்.

"சத்தம் போடாதீக, கொதிப்பு ஏறிரும்" என்றாள்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது வருவதற்குள் இதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டில் இன்னும் சத்தமே இல்லை.

இத்தனை நாள் நான் வாயைத் திறக்காமல் இருந்தது டாக்டர் சொல்லி. அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னது?