முள்காட்டில் விழுந்த குண்டு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. இது என் மாமனாருக்கு நடந்தது. அவருக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் ரிட்டயர் ஆகும்வரை ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாகவே காலம் தள்ளியிருக்க மாட்டார். நேரங்களை எல்லாம் அவர் சொன்னபடியே எழுதுகிறேன். ஒரு நிமிடம்கூட நான் கூட்டவில்லை.

கரி எஞ்சின் காலம். காட்டுக்கு நடுவே ஒற்றைத் தண்டவாளம், அதில் ஒரு சின்ன ஸ்டேஷன். ராத்திரி டியூட்டிக்கு இரண்டே பேர்: உள்ளே மாஸ்டர், வெளியே மாமனார். ஒரே தண்டவாளத்தில் இரண்டு வண்டி எதிரும் புதிருமாக வந்துவிடாமல் காப்பது ஓர் இரும்புக் குண்டு. உள்ளங்கைக்கு அடங்கும் அளவுதான். அது கையில் இருந்தால்தான் டிரைவர் வண்டியை எடுக்கலாம். வண்டி வந்து சேர்ந்ததும் குண்டை ஸ்டேஷன் மெஷினுக்குள் போட வேண்டும். போட்டால்தான் பக்கத்து ஸ்டேஷன் மெஷின் அடுத்த வண்டிக்கு இன்னொரு குண்டைக் கக்கும். நிற்காத வண்டி என்றால், குண்டைப் பையில் போட்டு, பையைப் பிரம்பு வளையத்தில் கட்டி, ஓட்டத்திலேயே வீசுவார்கள். மாமனார் கையை நீட்டி வாங்குவார். ஆறு வருடத்தில் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

அன்று இரவு 12.50. பக்கத்து ஸ்டேஷனிலிருந்து போன். பேசிவிட்டு மாஸ்டர் வெளியே ஓடி வந்தார்.

"உன் பொண்டாட்டிக்கு வலி எடுத்துடுச்சாம். குழந்தை குறுக்கே கிடக்குதாம். பாசஞ்சர்ல ஏத்திட்டாங்க. டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான்."

தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தவள். பாசஞ்சருக்கு முன்னால் ஒரு கூட்ஸ் கிளம்பியிருந்தது. அது கொண்டுவரும் குண்டை மெஷினில் போட்டால் பாசஞ்சர் கிளம்பிவிடும். அவ்வளவுதான் வேலை.

1.12. கூட்ஸ் வந்தது. எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் வளையத்தை வீசினான். மாமனாரின் கை நீண்டது; மனம் அங்கே இல்லை. வளையம் முழங்கையில் இடித்துத் தெறித்தது. பையின் வாய் திறந்துகொண்டது. குண்டு சரளைக்கல்லில் டங்... டங்... என்று குதித்து முள்காட்டுக்குள் போய்விட்டது.

"மாஸ்டர், கையால சீட்டு எழுதி வண்டிய விடச் சொல்லுங்க!"

"கண்ட்ரோல் ஆபீஸ் உத்தரவு இல்லாம முடியாதுடா. அந்த ஆபீஸ் போன் லைன் சாயங்காலத்திலேருந்தே செத்துக் கிடக்கு. ஓடு, தேடு!"

ஓடினார். கைவிளக்கின் வெளிச்சம் முள்ளுக்குள் ஒரு முழம்கூட எட்டவில்லை. குப்புறப் படுத்துக் கையால் துழாவினார். கல். வேர். மறுபடி கல். முகமெல்லாம் கீறி ரத்தம். தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டார். பிறகு அத்தனை சாமியையும் திட்டினார். "என்னால நீ செத்துடாதடி" என்று வாய்விட்டு அழுதார்.

1.48. மாஸ்டர் ஜன்னல் வழியே கத்தினார்.

"அவளுக்குக் கண்ணு செருகுதாம்டா!"

அப்போதுதான் பார்த்தார். முள்காட்டின் உள்ளே, இருபதடி தள்ளி, இன்னொரு விளக்கு. தரையோடு தரையாக. அதுவும் தேடிக்கொண்டிருந்தது.

தண்டவாளம் பார்க்க ரோந்து வந்த கேங்மேன் என்று நினைத்தார். போன உயிர் திரும்பியது.

"அண்ணே! குண்டு விழுந்துடுச்சுண்ணே!"

"தெரியும்."

"பாசஞ்சர் நிக்குதுண்ணே..."

"யாரு இருக்கா அதுல?"

"என் பொண்டாட்டி."

விளக்கு அசையாமல் நின்றது.

பிறகு அவரை நோக்கி வந்தது. முள் ஒடியும் சத்தம் இல்லை. சருகு நொறுங்கும் சத்தம் இல்லை. மண்ணெண்ணெய் வாடைகூட இல்லை...

ஒரு கை நீண்டது.

ஈரமண் அப்பிய கை.

அதில் குண்டு.

வாங்கினார். சில்லென்று... விரல் மரத்துப்போனது.

நிமிர்ந்தார்.

விளக்கு இல்லை. ஆள் இல்லை.

நின்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. ஓடினார். குண்டின் மேல் துரு. சுற்றிலும் மெல்லிய வேர்கள். முக்கால் மணி நேரத்துக்கு முன் விழுந்த குண்டில் வேர் எப்படி ஓடும்? அதை அவர் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. வேரைப் பிய்த்து, சட்டையில் துடைத்து, மாஸ்டர் கையில் கொடுத்தார். 2.03. மெஷின் 'கடக்' என்று விழுங்கியது. மணி அடித்தது. அங்கே பாசஞ்சர் கிளம்பிவிட்டது.

2.31க்கு வண்டி வந்தது. "ஏறுடா, இங்க நான் பாத்துக்கிறேன்" என்று மாஸ்டர் அவரைத் தள்ளிவிட்டார். 4.05க்கு டவுன் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. "இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா ரெண்டு உயிரும் தங்கியிருக்காது" என்றாராம் டாக்டர். அந்தக் குழந்தைதான் இன்று என் வீட்டில் என்னை அதட்டிக்கொண்டிருக்கிறது.

நான்காம் நாள் மாமனார் டியூட்டிக்குத் திரும்பினார். மாஸ்டரின் முகம் சரியில்லை.

"அன்னிக்குக் கூட்ஸ் கொண்டுவந்தது ஒன்பதாம் நம்பர் குண்டு. நீ குடுத்தது பதினாலு."

"அதனால என்ன மாஸ்டர்?"

"பதினாலு தொலைஞ்சு பதினேழு வருஷம் ஆச்சு."

ஒன்பதைத் தேடிப் பத்து கேங்மேன்கள் அந்த முள்காட்டையே வெட்டிச் சாய்த்தார்கள். கிடைக்கவில்லை. கடைசிவரை கிடைக்கவே இல்லை.

மாஸ்டர் பழைய ரிஜிஸ்தரை எடுத்துப் பிரித்தார். பதினேழு வருடத்துக்கு முந்தைய ஓர் இரவு. மை மங்கியிருந்தது, எழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

'14ஆம் எண் குண்டு தவறி விழுந்தது. பாசஞ்சர் விடியும்வரை பக்கத்து ஸ்டேஷனில் நிறுத்தப்பட்டது. தேடச் சென்ற பாயிண்ட்ஸ்மேன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.'

கீழே, வேறு கையெழுத்தில், இன்னொரு குறிப்பு:

'நின்ற வண்டியில் பிரசவ வலியோடு இருந்த பெண் விடியுமுன் மரணம். மேற்படி பாயிண்ட்ஸ்மேனின் மனைவி.'